நான் எதுக்கு, புள்ளைங்கள எடுங்க

அம்மா இறந்து இரண்டு மணி நேரம்கூட ஆகியிருக்காது. வாசலில் பந்தலுக்குக் கம்பு ஊன்றிக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா மகன் பக்கத்தில் வந்து குனிந்து, "அக்கா, சித்தி போட்டோ நல்லதா ஒண்ணு அனுப்பு. ஃபிளெக்ஸ் அடிக்க ஒரு மணி நேரத்துக்குள்ள வேணுமாம்" என்றான். போனை எடுத்துத் தள்ளிக்கொண்டே போனேன். என் மகளுக்கு அப்போது ஐந்து வயது. அவள் பிறந்த நாளிலிருந்து எடுத்த படங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. அவற்றில் அம்மா இல்லாமலும் இல்லை. தொட்டிலுக்குப் பின்னால் பாதி முகம். குழந்தையைக் குளிப்பாட்ட நீட்டி வைத்த கால்கள். அடுப்படியில் முதுகு. ஒரு படத்தில் முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு, இன்னொரு கையால் வேண்டாம் வேண்டாம் என்கிறாள். தள்ளத் தள்ள எனக்கு விரல் நடுங்க ஆரம்பித்துவிட்டது. ஒரு மனுஷி 55 வருஷம் இருந்திருக்கிறாள். அதில் 32 வருஷம் எனக்கு அம்மாவாக இருந்திருக்கிறாள். நேராக நம்மைப் பார்க்கிற படம் ஒன்று கிடைக்கவில்லை.

கடைசியில் அப்பா எழுந்து போய் பீரோவிலிருந்து வங்கி பாஸ் புத்தகத்தை எடுத்து வந்தார். முதல் பக்கத்தில் பாஸ்போர்ட் சைஸ் படம், இடது தோளில் பாதி ஊதா முத்திரை. அதைப் போனில் பிடித்து அனுப்பினேன். மதியம் தெருமுனையில் ஃபிளெக்ஸ் நின்றது. கட்டைவிரல் அளவு படத்தை அத்தனை பெரிதாக இழுத்ததில் கண்ணும் மூக்கும் கட்டம் கட்டமாக உடைந்திருந்தன. துக்கத்துக்கு வந்தவர்கள் அதைத் தாண்டித்தான் வீட்டுக்குள் வந்தார்கள்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் படத்திறப்பு வைக்க வேண்டும் என்றார்கள். தெரிந்த ஸ்டுடியோவுக்கு அதே பாஸ் புத்தகத்தோடு போனேன். அங்கிருந்த தம்பி தங்கமானவர். தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னார். படத்தைப் பார்த்துவிட்டு, "முகம் மட்டும் எடுத்துக்கலாம்க்கா, உடம்பு வேற வச்சுக்கலாம்" என்று கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டரைத் திறந்தார். உள்ளே வரிசையாகத் தலையில்லாத உடம்புகள். எல்லாம் பட்டுப்புடவை கட்டி, கழுத்தில் இரட்டை வடச் சங்கிலி போட்டு, நேராக உட்கார்ந்திருந்தன. எந்தக் கலர் புடவை என்று கேட்டார். அம்மாவிடம் அப்படி ஒரு பட்டே கிடையாது என்று சொல்ல வந்து, சொல்லாமல், மயில் கழுத்துக் கலரில் ஒன்றைக் காட்டினேன். அம்மாவின் தலையை வெட்டி எடுத்து அந்தக் கழுத்தில் வைத்தார். கொஞ்சம் சாய்த்தார். முத்திரையைத் துடைத்தார். காதோரத்தை மெழுகினார். "கலர் கொஞ்சம் ஏத்திடவா?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன்.

இத்தனை வருஷமாக என்னை அரித்துக்கொண்டிருப்பது அந்தத் தலையாட்டல்தான். படத்தைக் கூடத்தில் மாட்டி, மாலை போட்டு, விளக்கேற்றிய பிறகு, என் மகள் அதன் கீழே போய் நின்று ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்தாள். அப்புறம் என்னிடம் வந்து, "அம்மா, இது அம்மாச்சி புடவை இல்லையே" என்றாள். அவளுக்கு அம்மாச்சியின் எட்டு புடவைகளும் தெரியும். அவற்றின் முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் தூங்கிப் பழகியிருந்தாள்.

மூன்று பேர் ஆகாது

இத்தனைக்கும் எங்கள் வீடு படமே எடுக்காத வீடு இல்லை. அப்பா தபால் துறையில் இருந்தார். பட்டுக்கோட்டையில் எங்கள் தெருவில் கேமரா வைத்திருந்தது அவர் ஒருவர்தான். முதலில் யாரிடமோ பழையதாக வாங்கிய அக்ஃபா கிளிக் III. 120 என்கிற அகல ஃபிலிம் ரோல் போட்டால் 12 படம், சதுரமாக விழும். ஃபிளாஷ் எல்லாம் அவரிடம் கிடையாது, வெயிலில் நிறுத்தித்தான் எடுக்க வேண்டும். பிறகு சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து ஒரு யாஷிகா கொண்டுவந்தார். அதில் 36 படம். பார்த்துச் சுற்றினால் 37, சில சமயம் 38கூட வரும். தீபாவளிக்குப் போட்ட ரோல் பொங்கல் தாண்டியும் ஓடிக்கொண்டிருக்கும். முடிந்ததும் தஞ்சாவூரில் ஒரு கலர் லேபில் கழுவக் கொடுத்துவிட்டு, மேக்ஸி சைஸ் பிரிண்டுகள் கைக்கு வருகிற வரைக்கும் நானும் தம்பியும் நாள் எண்ணுவோம்.

ஒவ்வொரு முறையும் அப்பா கேமராவைக் கண்ணில் வைத்ததும் அம்மாவிடமிருந்து அந்த வாக்கியம் வரும். "நான் எதுக்கு, புள்ளைங்கள எடுங்க." ஒரு படத்துக்கு என்ன செலவாகும் என்று அவளுக்குக் கணக்குத் தெரியும். ரோல், கழுவுகிற கூலி, பிரிண்ட், தஞ்சாவூர் போய்வர பஸ் என்று எல்லாம் சேர்த்து ஒரு 'கிளிக்' எத்தனை முட்டைக்குச் சமம் என்று சொல்லுவாள். அதில் தன் முகத்துக்கு ஒன்றைச் செலவழிப்பது அவளுக்கு வீண். நாங்கள் வளருகிறோம், மாறிக்கொண்டே இருக்கிறோம், எங்களை எடுத்தாக வேண்டும். தான் மாறுவதாக அவள் நினைக்கவில்லை போலிருக்கிறது.

இன்னொரு காரணமும் இருந்தது. மூன்று பேராக நின்று படம் எடுக்கக்கூடாது என்று எங்கள் பக்கம் சொல்லுவார்கள். உங்கள் வீட்டிலும் யாராவது சொல்லியிருப்பார்கள். மூன்று பேர் நின்றால் அதில் ஒருவருக்கு ஆகாது. இப்போது கணக்குப் பாருங்கள். அப்பா கேமராவுக்குப் பின்னால். நான், தம்பி, அம்மா நின்றால் மூன்று. ஒன்று, நாலாவதாக யாரையாவது கூப்பிட வேண்டும், இல்லை என்றால் ஒருவர் விலக வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளையை இழுத்து நிறுத்தியிருக்கலாம். அதற்குள் அம்மா ஓரடி நகர்ந்திருப்பாள். எங்கள் ஆல்பத்தில் நானும் தம்பியுமாக இரண்டிரண்டு பேராக நிற்கும் படங்களைப் பார்த்தால், பாதிப் படங்களில் என் தம்பி கேமராவைப் பார்க்காமல் பக்கவாட்டில் பார்க்கிறான். அங்கேதான் அம்மா நின்றிருக்கிறாள்.

அப்பாயி காலத்தில் இதைவிட மோசம். படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று அவர் கடைசி வரை நம்பினார். தாத்தாவுக்கு உயிரோடு எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. அவர் இறந்த அன்று ஸ்டுடியோக்காரரை வரவழைத்து, நாற்காலியில் உட்காரவைத்து, மாலை போட்டு, பின்னால் பிள்ளைகள் எல்லாரும் நிற்க எடுத்த படம்தான் அவருடைய ஒரே படம். அந்தக் காலத்தில் எத்தனையோ வீடுகளில் இதுதான் நடந்தது. மனுஷன் போன பிறகு அவசர அவசரமாக அவரைப் பிடித்து வைத்துக்கொள்வது. அப்பாயியும் அப்படித்தான் போயிருப்பார். 1993இல் தேர்தல் ஆணையம் படத்தோடு வாக்காளர் அடையாள அட்டை கொடுக்க உத்தரவு போட்டு, பிறகு எங்கள் பள்ளிக்கூடத்தில் முகாம் நடந்ததால்தான் அவர் முகம் எங்களுக்கு மிஞ்சியது. பயந்துபோய் விழித்துப் பார்க்கும், தபால் தலையைவிடக் கொஞ்சம் பெரிய முகம். ஓட்டுக்காக எடுத்ததை வெட்டி நகல் எடுத்து பூஜை அறையில் வைத்திருக்கிறோம்.

அம்மாவுக்கு ஆயுசு பயம் இல்லை. அவளுக்கு இருந்தது வேறு. ஒருநாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தபோது பேச்சுவாக்கில் சொன்னாள். 1986இல் கல்யாணம். அப்பா வீட்டில் ஆசைப்பட்டு ஆல்பத்தை கலரில் எடுத்தார்கள். வந்து பார்த்ததும் ஒரு பெரியம்மா, "பொண்ணு ரொம்பக் கருப்பா விழுந்திருச்சே" என்றாராம். ஆல்பம் ஊர் முழுக்க சுற்றிவந்தது, அந்தப் பேச்சும் கூடவே சுற்றியது. "எனக்கு போட்டோ விழாதுடி" என்று முடித்துவிட்டு அம்மா கீரைக்காம்பைக் குப்பையில் போட எழுந்து போனாள்.

எனக்கு அந்த ஆல்பம் நன்றாகத் தெரியும். அதில் அம்மாவின் முகத்தில் கண்ணும் நகையும் மட்டும்தான் துலக்கமாக இருக்கும். கன்னம், நெற்றி, தாடை எல்லாம் ஒரே கருப்பாக அப்பியிருக்கும். பக்கத்தில் நிற்கும் அத்தை மட்டும் பளிச்சென்று இருப்பார். ரொம்ப நாள் கழித்துத்தான் அதன் காரணத்தைப் படித்துத் தெரிந்துகொண்டேன். கலர் ஃபிலிம் வந்த காலத்தில் கோடக் கம்பெனி, பிரிண்ட் போடும் லேபுகளுக்கு நிறம் சரிபார்க்க ஒரு அட்டை அனுப்பும். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். முதலில் அதற்கு நின்ற பெண்ணின் பெயரால் 'ஷெர்லி அட்டை' என்றே அதைச் சொல்வார்கள். அவள் முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி. ஃபிலிமின் ரசாயனமும் அப்படிப்பட்ட தோலுக்காகவே பதம் பார்க்கப்பட்டது. கருத்த தோலில் இருக்கிற நுணுக்கம் அதில் ஏறாது. அதைத் திருத்தச் சொல்லி அழுத்திக் கேட்டவர்கள் யார் என்று பார்த்தால், சாக்லேட் விற்றவர்களும் மரச்சாமான் விற்றவர்களும். கருப்புச் சாக்லேட்டுக்கும் பால் சாக்லேட்டுக்கும் படத்தில் வித்தியாசம் தெரியவில்லை, மரத்தின் ரேகை தெரியவில்லை என்று அவர்கள் சொன்ன பிறகு ஃபிலிமை மேம்படுத்தினார்கள். இதை வாசித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அம்மா தன் முகத்தைத்தான் குற்றம் சொன்னாள். அவளுக்கு யாரும் இதைச் சொல்லவில்லை. நான் தெரிந்துகொண்டபோது சொல்வதற்கு அவள் இல்லை. அவள் இல்லாத ஸ்டுடியோவில் உட்கார்ந்து, "கலர் ஏத்திடவா" என்றதற்கு நானும் தலையாட்டிவிட்டு வந்திருந்தேன்.

டியூப் லைட்டுக்கு நேரே

வருஷ திவசம் முடிந்த மறுநாள். சொந்தக்காரர்கள் கிளம்பிவிட்டார்கள். அப்பா பரணிலிருந்து பழைய தகரப் பெட்டியை இறக்கச் சொன்னார். லேபில் இலவசமாகக் கொடுக்கும் சின்ன பிளாஸ்டிக் ஆல்பங்கள், கருப்புத் தாளில் முக்கோண மூலை ஒட்டிச் செருகிய பெரிய ஆல்பம் ஒன்று, அடியில் பட்டர் பேப்பர் உறைகளில் நெகட்டிவ்கள். அம்மா எங்காவது இருக்கிறாளா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க உட்கார்ந்தோம். இருந்தாள். கல்யாணக் கூட்டங்களில் மூன்றாவது வரிசையில். காதுகுத்தில் குனிந்த தலையாக. முகம் என்று சொல்லும்படியாக ஒன்றுமில்லை.

பெரிய ஆல்பத்தின் நடுவில் என்னுடைய முதல் பிறந்தநாள் படம். 1988, கருப்பு வெள்ளை, கேபினட் சைஸ். கிணற்றடியில் ஒரு வெள்ளைப் படுதாவைக் கட்டி, அதன் முன்னால் முக்காலி போட்டு, என்னை உட்காரவைத்திருக்கிறார்கள். ஜட்டி, வெள்ளிக் கொடி, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு. இந்தப் படத்தை நான் ஆயிரம் தடவை பார்த்திருப்பேன். அன்றைக்குத்தான் அந்தக் கையைப் பார்த்தேன். இடதுபக்க ஓரத்தில், முக்காலிக்குக் கீழே இருந்து வந்து என் இடுப்பைப் பிடித்திருக்கும் ஒரு கை. முழங்கைக்குக் கொஞ்சம் முன்னாலேயே படம் முடிந்துவிடுகிறது. நாலைந்து கண்ணாடி வளையல். மணிக்கட்டுக்கு மேலே, அதிரசம் சுடும்போது எண்ணெய் தெறித்த தழும்பு, புளியங்கொட்டை அளவில். நான் அந்தத் தழும்பைத் தடவிக்கொண்டே தூங்கிய பிள்ளை. எனக்குத் தெரியாத கையா அது.

"உன்னால தனியா உக்காரவே முடியல, சாஞ்சுட்டே இருந்த. உங்கம்மாதான் குத்தவச்சு உக்காந்து புடிச்சுக்கிட்டா" என்றார் அப்பா. அப்புறம் ஏதோ நினைவு வந்தவராக எழுந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பட்டர் பேப்பர் உறைகளைத் துழாவினார். கிளிக் கேமராவின் நெகட்டிவ் சதுரம், ஆறு சென்டிமீட்டருக்கு ஆறு. கேபினட் தாள் நீளம். சதுரத்தை நீளத் தாளில் பிரிண்ட் போட்டால் இரண்டு ஓரமும் போய்விடும். குழந்தை நடுவில் வர வேண்டும் என்று ஸ்டுடியோக்காரர் ஓரத்தை விட்டுவிட்டுத்தான் போட்டிருக்கிறார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அப்பாவும் அப்படித்தான் கேட்டிருப்பார். சரியான நெகட்டிவ் கிடைத்ததும் அப்பா அதை விளிம்பில் பிடித்து டியூப் லைட்டுக்கு நேரே தூக்கிக் காட்டினார்.

அம்மா முழுசாக இருந்தாள். ஓரத்தில், தரையில் குத்தவைத்து, ஒரு கையால் என்னைப் பிடித்துக்கொண்டு, என்னை அண்ணாந்து பார்த்து, வாய் திறந்து சிரித்துக்கொண்டிருந்தாள். நெகட்டிவ் என்பதால் எல்லாம் தலைகீழ். பின்னால் படுதா கன்னங்கரேல் என்று இருந்தது. அம்மாவின் முகம் வெளிச்சமாக இருந்தது. தலைமுடி முழுக்க வெள்ளை. ஒரு நரையோடுகூடப் போகாதவள் அவள். எழுபது, எண்பது வயதுக்கு இருந்திருந்தால் எப்படி இருந்திருப்பாளோ, அந்தத் தலையோடு, 24 வயதுச் சிரிப்பைச் சிரித்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் கை வலித்து நடுங்கும் வரைக்கும் இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

தம்பி மடிக்கணினியில் வெற்று வெள்ளைத் திரையைத் திறந்து, அதன்மேல் நெகட்டிவை வைத்துப் போனில் படம் பிடித்து, நிறத்தைத் திருப்பிப் போட்டான். அதில் அம்மா கருப்பாகவே இருந்தாள். கன்னத்தின் மேடு, மூக்குத்தி, கழுத்து மடிப்பு எல்லாம் தெரிந்தன. அழகாக இருந்தாள். 31 வருஷமாக அந்தப் படம் பெட்டிக்குள் இருந்தது, அவள் உயிரோடு இருந்த அத்தனை வருஷமும்.

இந்தக் கதையைச் சொன்னபோது ஒரு தோழி வேறொரு விஷயம் சொன்னாள். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஒரு படம் பதிவாகச் சில நொடிகளாவது ஆகும். அதுவரை குழந்தை ஆடாமல் இருக்காது. அதனால் அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, தலையோடு ஒரு துணியைப் போட்டு மூடி, மடியில் குழந்தையை வைத்து எடுப்பார்களாம். தேடிப் பார்த்தேன். அப்படிப்பட்ட படங்கள் நிறைய இருக்கின்றன. பூப்போட்ட திரைச்சீலைக்கு உள்ளே ஒரு ஆள் உருவம். சிலவற்றில் துணி விலகி, குழந்தையின் வயிற்றை அணைத்த விரல்கள் மட்டும் வெளியே தெரிகின்றன. சிலவற்றில் எடுத்த பிறகு அம்மாவின் முகத்தைச் சுரண்டியே எடுத்திருக்கிறார்கள். அந்தப் பெண்கள் யாரும் தங்களை ஒளித்துவைக்கிறார்கள் என்று வருத்தப்பட்டிருப்பார்களா என்று தெரியவில்லை. எங்கள் அம்மா வருத்தப்படவில்லை. குழந்தை நன்றாக விழுந்ததா என்றுதான் கேட்டிருப்பாள். வருத்தம் எல்லாம் பின்னால் வருகிறவர்களுக்குத்தான்.

63 படங்கள்

போன் இப்போது முகங்களை அதுவாகவே பிரித்து வைக்கிறது. ஒருநாள் அதைத் திறந்து பார்த்தேன். மகளுக்கு 4,000 படங்களுக்கு மேல். கணவருக்கு 700 சொச்சம். எனக்கு 63. அதில் அடையாள அட்டைக்கு எடுத்தவை, அலுவலக விழாவில் எடுத்தவை எல்லாவற்றையும் கழித்தால், என் மகளோடு நான் இருப்பது 19. அவளுக்கு அப்போது ஏழு வயது. ரோல் செலவு இல்லை, கழுவுகிற கூலி இல்லை, இந்தக் காலத்துக் கேமராவுக்கு என் நிறம் ஒரு பிரச்சினையும் இல்லை. அம்மாவுக்கு இருந்த ஒரு காரணமும் எனக்கு இல்லை. இருந்தும் 19.

என் காரணங்கள் என்ன என்று யோசித்துப் பார்த்தேன். பிரசவத்துக்குப் பிறகு ஏறிய எடை. நைட்டி. தலை வாரவில்லை. 'குளிச்சுட்டு வரேன், அப்புறம் எடுத்துக்கலாம்' என்று எத்தனை ஞாயிற்றுக்கிழமை சொல்லியிருப்பேன். குளித்துவிட்டு வரும்போது வெளிச்சம் போயிருக்கும், பிள்ளை விளையாடப் போயிருக்கும். அந்த 'அப்புறம்' வரவே வராது. கடற்கரைக்குப் போனால் நான்தான் எடுப்பேன், எனக்கு நன்றாக எடுக்க வரும். கணவர் "நீ போய் நில்லு, நான் எடுக்கறேன்" என்றால், "உங்களுக்குக் கோணம் தெரியாது" என்று போனைக் கொடுக்க மாட்டேன். அம்மா ஓரடி விலகினாள். நான் கேமராவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். இரண்டும் ஒன்றுதான்.

நான் தேடியது எந்த அம்மாவை என்று நினைத்துப் பார்க்கிறேன். அந்த நாளில் போனைத் தள்ளிக்கொண்டு போனபோது, ஒல்லியான அம்மாவையோ சிவப்பான அம்மாவையோ நான் தேடவில்லை. சாயம் போன மாம்பழ மஞ்சள் வாயில் புடவை, தூக்கிச் செருகிய கொசுவம், தோளில் ஈரத் துண்டு, நெற்றியில் வியர்வையில் கரைந்த குங்குமம். அப்படி ஒன்று கிடைத்திருந்தால் அதைத்தான் கூடத்தில் மாட்டியிருப்பேன். எந்தக் கோலத்தில் இருக்கக்கூடாது என்று அவள் ஒளிந்தாளோ, அந்தக் கோலத்தில்தான் அவள் எனக்கு வேண்டும். என் மகளுக்கும் நைட்டியும் வாராத தலையுமாக இருக்கிற நான்தான் வேண்டியிருக்கும். அவளுக்குத் தெரிந்த அம்மா அதுதானே. அந்தப் படம் அவளுக்குச் சேர வேண்டியது. அதை எடுக்காதே என்று சொல்லும்போது என் முகத்தை மறைப்பதாக நினைத்துக்கொள்கிறேன், அவளுடையதை அவளுக்குக் கொடுக்காமல் வைத்துக்கொள்கிறேன்.

சிங்கப்பூர் சித்தப்பா கதையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது அம்மாக்கள் மட்டும் சம்பந்தப்பட்டது இல்லை. எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருப்பார். சித்தப்பா மெர்லயன் சிலை முன்னால் நின்று எடுத்த படத்தை அனுப்புவார். இங்கே சித்தியும் பிள்ளைகளும் ஸ்டுடியோவில் நின்று எடுத்து அவருக்கு அனுப்புவார்கள். இரண்டையும் வெட்டி ஒட்டி, நாலு பேரும் சேர்ந்து நிற்பதுபோல ஒரு படம் சித்தி வீட்டில் மாட்டியிருக்கிறது. சித்தப்பாவின் நிழல் ஒரு பக்கம் சாய்கிறது, மற்றவர்களின் நிழல் இன்னொரு பக்கம். அவர் ஊரோடு வந்து பல வருஷம் ஆகிறது. பிள்ளைகளோடு அவர் உண்மையிலேயே சேர்ந்து நிற்கும் படம் அவர்களுடைய கல்யாணத்தில் எடுத்ததுதான். லீவில் வந்த ஒவ்வொரு மாதமும் அவர் கையில்தான் கேமரா இருந்தது. கொண்டுவந்த பொருளை அவர்தான் இயக்கத் தெரிந்தவர்.

எங்கள் அப்பாவும் அப்படித்தான். அம்மாவைத் தேடிய பெட்டியில் அப்பாவும் இல்லை என்பது எனக்கு அன்றைக்கு உறைக்கவே இல்லை. அத்தனை படத்தையும் எடுத்தவர் அவர் என்பதால், எல்லாப் படத்திலும் அவர் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு படத்தில் தரையில் அவர் நிழல் மட்டும் விழுந்திருக்கிறது, இரண்டு முழங்கையும் தூக்கிய நிலையில். இப்போது அவருக்கு 65 வயது தாண்டிவிட்டது.

அதனால் இப்போது ஊருக்குப் போகும்போதெல்லாம் போனை மகளிடம் கொடுத்துவிடுகிறேன். அவளுக்குப் பத்து வயதாகிறது. தாத்தா செய்தித்தாளை மடிப்பது, திண்ணையில் உட்கார்ந்து நகம் வெட்டுவது, மருந்து டப்பாவில் கிழமை பார்த்து மாத்திரை போடுவது எல்லாவற்றையும் எடுக்கிறாள். நான் வெங்காயம் உரிக்கும்போதும் எடுக்கிறாள். முதலில் கை தானாக முகத்துக்குப் போகும். இப்போது கொஞ்சம் பழகியிருக்கிறது. அவள் எடுப்பதில் பாதி கோணல், தலை வெட்டுப்பட்டிருக்கும். எதையும் அழிப்பதில்லை. நல்லதாகப் பார்த்து மாதம் பத்தைப் பிரிண்ட் போட்டு அனுப்புகிறேன். அப்பா ஒவ்வொன்றின் பின்னாலும் தபால் ஆபீஸ் கையெழுத்தில் தேதி, இடம், யார் யார் என்று எழுதி வைக்கிறார். அழுத்தி எழுதினால் முன்பக்கம் பதிந்துவிடும் என்று பென்சிலில் எழுதுகிறார்.

போன பொங்கலுக்கு வாசலில் பானை இறக்கிய பிறகு, தம்பி எங்களை நிற்கச் சொன்னான். அப்பா நடுவில், ஒரு பக்கம் என் மகள், இன்னொரு பக்கம் நான். அப்பா வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்து எங்களை அரையடி திருப்பினார். தன் கைகளை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. முன்னால் கட்டினார், பின்னால் கட்டினார், தொங்கவிட்டார். அந்த நேரம் பார்த்து அத்தை உள்ளே இருந்து எட்டிப் பார்த்து, "ஏண்டா, மூணு பேரா நிக்க வச்சு எடுக்கறே" என்றார்.

என் கால் தன்னால் ஓரடி நகர்ந்தது. நான் நினைத்துச் செய்யவில்லை. அதற்குள் அப்பா என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"நில்லும்மா" என்றார். அப்புறம் தம்பியைப் பார்த்து, "எடுறா."